அமாவாசை ராத்திரியில் நமக்கென்று ஒரு பொழுது

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். வெளிநாட்டுப் பெண்கள் அமாவாசை இரவில் மெழுகுவர்த்தி ஏற்றி, உப்புப் போட்ட வெந்நீரில் குளித்து, மனதில் இருப்பதை எழுதி வைத்து, தங்களுக்கென்று ஒரு பொழுதை ஓய்வாகக் கழிப்பதைப் பார்த்தீர்கள். அதுபோல நமக்கும் ஏதாவது உண்டா என்பது ஒன்று. மாமனார் மாமியாரோடு இருக்கும் வீட்டில், முன்னோருக்கு உரிய நாளில், தனக்கென்று எதையாவது செய்துகொள்வது தப்பா என்பது இரண்டாவது. செய்யலாம் என்றால் எப்படி என்பது மூன்றாவது. கூடவே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மாயவரத்தில் எங்கள் வீட்டில் அமாவாசை என்றாலே எனக்குத்தான் வேலை அதிகம்." அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருவையாற்றுப் பக்கம் பிறந்தேன், கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டேன். 32 வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். பஞ்சாங்கம் பார்க்க அப்பா கற்றுக்கொடுத்தார். நீங்கள் கேட்கும் இந்தக் காரியத்தை 11 வருடமாக, ஏறக்குறைய மாதம் தவறாமல் செய்துவருகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். தப்பே இல்லை. அமாவாசையன்று யாரை நினைக்கிறோம்? போய்ச் சேர்ந்த நம் பெரியவர்களை. அதில் பாட்டிகளும் உண்டு, கொள்ளுப்பாட்டிகளும் உண்டு. காலமெல்லாம் அடுப்படியில் நின்ற அந்தப் பெண்களில் யார், பேத்தி ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தாள் என்று கோபித்துக்கொள்ளப் போகிறார்?

எங்கள் வீட்டு அமாவாசையைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். நாலரைக்கு எழுந்து வாசல் தெளிப்பேன். கோலம் கிடையாது. இவர் குளித்துவிட்டுச் சக்கரப் படித்துறைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவதற்குள் வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய்க் கூட்டு, பூசணிக்காய் போட்ட குழம்பு, பாயசம், வடை எல்லாம் ஆகியிருக்க வேண்டும். வெங்காயம், பூண்டு கிடையாது. இலை போட்டுப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, அது வருகிற வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் வீட்டார் சாப்பாடு. சில மாதம் காக்காய் உடனே வந்துவிடும். சில மாதம் கொல்லை மதில் மேல் வைத்த உருண்டை காய்ந்துபோகும், நாங்களும் காய்ந்துபோவோம். கடைசி இலையை எடுத்து, பாத்திரம் தேய்த்து நிமிரும்போது மணி மூன்று. ராத்திரிக்குச் சோறு கூடாது, பலகாரம்தான். மறுபடியும் தோசைக்கல்.

என் அம்மா அந்த மூன்று மணிக்கு ஒன்று செய்வார். எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் ஓடும். கொல்லைக் கதவைத் தாண்டி மூன்று கருங்கல் படி. அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டாவது படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொள்வார். மஞ்சள் கறை படிந்த கை இரண்டும் மடியில் கிடக்கும், உள்ளங்கை மேலே பார்த்தபடி. கெண்டைக் குஞ்சுகள் வந்து குதிகாலைக் கொத்தும். யாராவது கூப்பிட்டால் "வரேன்" என்பார், வரமாட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார். அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை. நாங்களும் அம்மா கால் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். எனக்கு ஐம்பது வயது நெருங்கியபோதுதான் அது என்னவென்று புரிந்தது.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் என்னைப் பொறுத்தவரை அந்தப் படியில் இருக்கிறது. நமக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. அமாவாசையின் வழக்கங்களை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாமே "வேண்டாம்" என்று சொல்பவை. காலையில் கோலம் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாம். முடி வெட்ட வேண்டாம், நகம் வெட்ட வேண்டாம். எங்கள் தாத்தா அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார். மாடுகள் கட்டுத்தறியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், பண்ணை ஆட்களும் வரமாட்டார்கள். வேத பாடசாலைகளில் அமாவாசைக்கும் மறுநாள் பிரதமைக்கும் பாடம் கிடையாது, அனத்யயனம் என்று விட்டுவிடுவார்கள். மாட்டுக்கு ஓய்வு, ஆளுக்கு ஓய்வு, படிக்கிற பிள்ளைக்கு ஓய்வு. அடுப்படிக்கு மட்டும் அன்றைக்கு இரண்டு மடங்கு வேலை. அன்றைய "வேண்டாம்" எல்லாருக்கும் எட்டியது, நமக்கு மட்டும் எட்டவில்லை. அதை நம் பக்கமும் கொஞ்சம் திருப்பிக்கொள்வதுதான் நான் செய்வது. புதிதாக ஒரு காரியத்தைக் கூட்டிக்கொள்வதில்லை. ஒரு பொழுதுக்கு எல்லாவற்றையும் கழித்துவிடுகிறேன். நீங்கள் பார்த்த உப்பு, மெழுகுவர்த்தி, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகப் போட்டு ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு வேலை ஆகிவிடும்.

நாள் எது என்பதில் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் வானத்தில் உள்ள விலகல். 12 பாகைக்கு ஒரு திதி, 30 திதிக்கு 360 பாகை, ஒரு சுற்று. சுற்று முடிய சராசரியாக 29½ நாள். சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்துக்குள்ளேயே முடியும், சில சமயம் 26 மணி நேரத்தைத் தாண்டும். காலண்டரில் "அமாவாசை காலை 11.40 வரை" என்றெல்லாம் போட்டிருப்பது இதனால்தான். அமாவாசைத் திதி முடிகிற அந்த நொடியில்தான் சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேர்கின்றன. தர்ப்பணத்துக்கு எந்த நாள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் வாத்தியாரும் முடிவு செய்யட்டும். உங்கள் பொழுதுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. முதல் நாள் சதுர்த்தசியில் தேய்பிறை விடிவதற்குச் சற்று முன்புதான் எழும், அதனால் அன்று மாலை இருட்டுதான். அமாவாசையன்றும் இருட்டு. மறுநாள் பிரதமையில் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே சந்திரனும் மறைந்துவிடும், அன்றும் இருட்டு. ஆக மூன்று மாலை உங்கள் கையில் இருக்கிறது.

என் யோசனை, உங்களைப் போல அமாவாசையன்று ஓய்ந்துபோகிறவர்களுக்குப் பிரதமைதான் நல்லது. நானே ஆறு வருடம் அமாவாசையன்று ராத்திரிதான் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பாதி நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போய், பனியில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு மறுநாளுக்கு மாற்றினேன். பாட்டிமையன்று, அதாவது பிரதமையன்று, எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று உங்கள் மாமியார் சொல்லலாம். நாம் எதையும் ஆரம்பிக்கவில்லையே, நிறுத்தத்தானே போகிறோம்!

எண்ணெய்க் குளியலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமாவாசையன்று வேண்டாம். நம் பக்கத்தில் தீபாவளி ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேராதது. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று இருக்கிறதே, அமாவாசைக்கு முந்தி வருகிற வெள்ளிக்கிழமையை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு, பொரிந்ததும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் உச்சந்தலையில் வைத்து, அரைமணி ஊறியபின் சீயக்காய் போட்டுக் குளித்தால் போதும். அன்று பகலில் தூங்காதீர்கள், ராத்திரி தூக்கம் தானாக வரும். முதுகுக்கு எண்ணெய் வைத்துவிட வீட்டில் யாராவது இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டே நம் முதுகெல்லாம் வறண்டு கிடக்கிறது.

இனி அந்தப் பொழுது. நான் செய்வதைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே முடித்துவிடுவேன். முதல் நாளே அரைத்த மாவில் இட்லி, தொட்டுக்கொள்ள எள்ளு மிளகாய்ப்பொடி. சட்னி அரைப்பதில்லை. மற்றவர்களுக்கு ஹாட்பேக்கில் மூடி வைத்துவிடுவேன், அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியது. போனை அணைத்து அரிசி டப்பாவுக்கு மேல் வைத்துவிடுவேன். எதற்கு அரிசி டப்பா என்றால், படுக்கை பக்கத்தில் வைத்தால் கை போகும்.

பிறகு கால். ஒரு அகலமான டப்பில் கணுக்கால் முங்குகிற அளவு வெந்நீர், ஒரு கைப்பிடிக் கல்லுப்பு, கிடைத்தால் நாலைந்து நொச்சிக் கொத்து. நீங்கள் பார்த்ததில் இமயமலை உப்பு என்று போட்டிருப்பார்கள். நமக்கு வேதாரண்யம் இருக்கிறது. உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு உப்பைத் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டாம். உப்பு உடம்பில் இருக்கும் நஞ்சை உறிஞ்சிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள், அப்படி எதுவும் நடப்பதில்லை. சூடுதான் வேலை செய்கிறது. நாள் முழுக்க நின்ற காலில் ரத்த ஓட்டம் சீராகி, இறுகின சதை விடும். 15 நிமிடம் போதும். குதிகால் வெடித்து ரத்தம் கசிகிற நிலையில் இருந்தால் உப்பைப் போடாதீர்கள், எரியும். உங்கள் மாமியாருக்கும் வைத்துக் கொடுக்கலாம். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும், சூடு தெரியாமல் பொத்துவிடும், அதனால் அப்போது அவருக்கு இது வேண்டாம். துடைக்கும்போது விரல் இடுக்கையும் துடையுங்கள். அப்புறம் குதிகாலில் கொஞ்சம் விளக்கெண்ணெய். அமாவாசையன்று எண்ணெயே தொடக்கூடாது என்று இருக்கும் வீடானால் இதையும் பிரதமைக்குத் தள்ளுங்கள்.

பிறகு விளக்கு. ஒரே ஒரு அகல், நல்லெண்ணெய், அரைமணி நேரத்துக்கு வருகிற அளவு. காற்றில்லாத மூலையில் வைத்துவிட்டு, கோரைப்பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்காருவேன். இடுப்பு வலி உள்ள நாளில் படுத்துக்கொண்டு கெண்டைக்காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்வேன். மந்திரம் சொல்வதில்லை. சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள். இது பூஜை இல்லை, அதனால் வீட்டுக்கு விலக்கான நாளிலும் தாராளமாகச் செய்யலாம். அந்த நாளில்தான் இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

விளக்கு எரியும்போது எழுதுவது ஒன்றுதான் நான் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டது, அதையும் மாற்றிக்கொண்டேன். ஆசைகளை எழுதச் சொல்வார்கள். புதுப்பிறைக்கு முன் எதையாவது தொடங்குவது நமக்கும் புதிதில்லை, நிறைந்த அமாவாசை என்று அன்று கடை திறப்பவர்களும் வண்டி எடுப்பவர்களும் உண்டு. ஆனால் ஓய்ந்துபோனவளிடம் புதிதாக நாலு ஆசையைக் கொடுத்தால் அவற்றையும் சுமப்பாள். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதுவேன், அடுத்த அமாவாசை வரைக்கும் செய்யப்போவதில்லை என்று ஒன்று. போன வருடத்தில் எழுதியவை சில நினைவிருக்கின்றன. "குடும்ப வாட்ஸ்ஆப்பில் எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து போடமாட்டேன்." "நாத்தனார் வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுத்தனுப்ப மாட்டேன், கடையில் வாங்கிக்கொள்ளட்டும்." "ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சாப்பிடுகிறவருக்குச் சூடு பண்ணித் தரமாட்டேன்." ஒன்றுக்கு மேல் எழுதாதீர்கள். ஒன்றையே ஒரு மாதம் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று முதல் மாதமே தெரியும். தாளை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவேன், தாளிக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

விளக்கு தானாக அணையட்டும். அணைந்தபின் இருட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். இந்தப் பகுதிக்காகத்தான் நான் மற்றதெல்லாம் செய்கிறேன். முதல் ஐந்து நிமிடம் மனது நாளைக்குப் பால் வாங்குவதிலிருந்து பெண்ணின் கல்யாணம் வரைக்கும் ஓடும். ஓடட்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் நடுவில் ஒரு டார்ச்சோ போனோ பளிச்சென்று பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. பழகியபின் மேலே பாருங்கள். தை அமாவாசை சமயத்தில் எட்டு, எட்டரைக்கு ஏறக்குறைய உச்சிக்கு அருகே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும், பக்கத்தில் சிவப்பாகத் திருவாதிரை. இன்னும் மேற்கே ரோகிணி, அதற்கு அப்பால் கொத்தாகக் கார்த்திகை. ஆடி அமாவாசையில் மேகம் விட்டால் தெற்கே தேள் மாதிரி வளைந்து கிடக்கும் கூட்டத்தில் கேட்டையும் மூலமும் தெரியும். பிள்ளைகளுக்கு ஜாதகத்தில் எழுதின நட்சத்திரத்தை வானத்தில் பார்த்திராத வீடுகள்தான் அதிகம். உங்கள் நட்சத்திரம் எதுவோ அதைத் தேடிப் பிடியுங்கள். இந்த ஒன்றை மட்டும் நான் வேலையாகக் கருதுவதில்லை.

இருட்டு தூக்கத்துக்கு நல்லதா என்றும் கேட்டிருந்தீர்கள். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்கள் பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் மற்ற நாட்களைவிடத் தாமதமாகப் படுத்து, குறைவாகத் தூங்கியதைக் கைக்கடிகாரம் போன்ற கருவி கட்டிப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மாணவர்களிடமும் அதே போக்கு தெரிந்தது. சாயங்காலம் நிலா வெளிச்சம் இருக்கிற நாளில் மனிதன் விழித்திருக்கிறான் என்பது ஒரு விளக்கம். அமாவாசைக்கு மருந்து மாதிரி சக்தி இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஏழரை மணியிலிருந்து போன் வெளிச்சமும் டியூப்லைட்டும் இல்லாமல் இருந்தால் ஒன்பதரைக்குக் கண் சொருகும், அதை நீங்களே பார்ப்பீர்கள்.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காவிரியின் துலாக்கட்டப் படித்துறை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இருட்டில் அங்கே போய் உட்காரலாமா என்று ஆசை வரும். வேண்டாம். அமாவாசை ராத்திரியில் ஆற்றங்கரைக்குப் போகாதே என்று பெரியவர்கள் காத்து கருப்பைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். பாம்பு, பாசி படிந்த படி, மணல் எடுத்த பள்ளம், மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரின் இழுப்பு, எல்லாம் அந்தக் காத்து கருப்புக்குள் அடக்கம். படித்துறையில் உட்கார வேண்டுமென்றால் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறுக்குள், துணைக்கு ஒருவரோடு போங்கள். இருட்டுக்கு மொட்டை மாடியோ திண்ணையோ கொல்லை நடையோ போதும்.

காலத்துக்குக் காலம் அந்தப் பொழுது ஒரே மாதிரி இருக்காது. சித்திரை, வைகாசியில் ஆற்றில் மணல்தான் இருக்கும், காற்றே அடிக்காது, நான் தரையில் தண்ணீர் தெளித்து, பாய் இல்லாமல் வெறும் சிமெண்டில் படுத்துக்கொள்வேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த வருடங்களில் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், உங்கள் பக்கம் வர இன்னும் பல நாள். தண்ணீர் வந்த ராத்திரியே தவளைச் சத்தம் மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, வானம் தெரியாது, திண்ணையில் போர்த்திக்கொண்டு மழையைக் கேட்பதோடு சரி. தையில் சம்பா அறுத்த வயலிலிருந்து வைக்கோல் வாசனை மாடி வரைக்கும் வரும்.

பெரிய அமாவாசைகளில் தொடங்காதீர்கள். ஆடி, புரட்டாசி மகாளயம், தை மூன்றிலும் வீட்டில் விருந்தாளி இருக்கும், பூம்புகாருக்கோ வேதாரண்யத்துக்கோ குளிக்கப் போகிறவர்கள் காலையில் வந்து இறங்குவார்கள், காவிரிக்கரையெல்லாம் கூட்டம். ஆவணியோ மாசியோ மாதிரி சத்தமில்லாத அமாவாசையாகப் பாருங்கள்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? விளக்கம் கொடுக்காமல் சொல்லுங்கள். நான் என் மாமியாரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அத்தை, ஏழரைக்கு மேல நான் மாடியில கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். இட்லி மூடி வெச்சிருக்கேன்." அவர் ஏதாவது கேட்பார் என்று மூன்று நாள் பயந்திருந்தேன். "போயேன். தலையில துண்டைக் கட்டிக்கோ, பனி கொட்டுது" என்றார். நாலாவது மாதமோ என்னவோ, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவரும் படியேறி வந்தார். பேசவில்லை. பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்து ரொம்ப நேரம் கழித்து, "நான் இந்த மாடிக்கு ராத்திரியில வந்ததே இல்லடி" என்றார். 46 வருடம் அந்த வீட்டில் இருந்தவர்.

இன்னொன்று. அமாவாசையன்று வீட்டு வேலை முடிகிற வரைக்கும் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நிற்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கணவன் இருக்கிற பெண் அமாவாசையன்று பட்டினி கிடக்கக் கூடாது என்று பல வீடுகளில் வழக்கமே இருக்கிறது. உங்கள் மாமியாருக்கும் அது தெரிந்திருக்கும். அந்த வழக்கத்தைச் சொல்லியே காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள். காய் நறுக்குவதை உங்கள் வீட்டுக்காரரிடம் முதல் நாள் ராத்திரியே கொடுங்கள். தர்ப்பணம் செய்கிற கையால் வாழைக்காய் சீவினால் குறைவு ஒன்றும் வராது.

உங்கள் களைப்பைப் பற்றி எழுதியிருந்ததில் ஒரு இடம் எனக்குக் கவலையாக இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் எழும்போதே அசதி என்கிறீர்கள். எனக்கும் இப்படித்தான் இருந்தது. எல்லாம் மனது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். காட்டிய இடத்தில் "வயசாகுதுல்ல" என்று சொல்லி டானிக் எழுதி அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொருவரிடம் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வே சொல்கிறது. இருட்டில் உட்கார்ந்தால் இரும்புச்சத்து ஏறாது. முதலில் ரத்தம் பாருங்கள், தைராய்டும் சேர்த்துப் பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே ரத்தம் எடுப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் அடுத்த அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டாம், 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

திருக்கடையூர் உங்களுக்குப் பக்கத்து ஊர், அபிராமி பட்டர் கதை தெரியாமல் இருக்காது. தை அமாவாசையன்று சரபோஜி மன்னர் வந்து இன்று என்ன திதி என்று கேட்க, தியானத்தில் இருந்தவர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். அதற்காக நெருப்புக்கு மேல் உறியில் நின்று அந்தாதி பாட, 79-ஆவது பாடலில் அம்மன் தன் தோட்டைக் கழற்றி வீசி வானத்தில் நிலவாக்கினாள் என்பது கதை. எல்லாரும் அந்த நிலவைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய நொடிதான் பிடிக்கும். ஒரு மனிதர் நாள் என்ன, திதி என்ன என்று மறந்துபோகிற அளவுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு 11 வருடத்தில் அந்த மாதிரி ஒரு ஐந்தாறு முறை வாய்த்திருக்கும். மற்ற நாளெல்லாம் முட்டி வலியும் கொசுவும்தான். கொசுவுக்கு வேப்ப எண்ணெயில் இன்னொரு அகல் போடலாம், ஓரளவு கேட்கும்.

ஒருமுறை உட்கார்ந்தபின், அமாவாசையிலிருந்து மூன்றாம் நாள் சூரியன் மறைந்ததும் மேற்கே பாருங்கள். தென்னை மட்டைக்கு நடுவில் நகக்கீற்று மாதிரி பிறை இருக்கும், முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். மூன்றாம் பிறை பார்ப்பது நல்லது என்று உங்கள் மாமியாரே சொல்வார். அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு கீழே போய் போனை அரிசி டப்பா மேலிருந்து எடுக்கலாம், அதற்கு முன்பே எடுத்திருந்தாலும் பரவாயில்லை.